பதின்மூன்றாவது மைல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். கப்பல் கரையிலிருந்து பதின்மூன்றாவது மைலில் நிற்கிறது. முதலாளி எங்களைக் கைகழுவிவிட்டார். கப்பலின் பதிவும் காலாவதியாகிவிட்டது. அதனால் எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லை. ஐந்து மாதமாக இன்ஜின் ஓடாததால் எனக்கு நல்ல ஓய்வு.

நேற்று கேப்டன் தைரியம் சொன்னார்: "பன்னெண்டு மைல் தாண்டினா கடல் எல்லா நாட்டுக்கும் பொது. நம்மள யாரும் விரட்ட முடியாது."

சமையல்காரர் கடைசி வெங்காயத்தை உரித்தபடி, "விரட்ட வேணாம் சார், யாராவது உள்ள வாங்கன்னு கூப்பிட்டாப் போதும்" என்றார். சிரித்தோம்.

பாப்பா பள்ளிக்கு உலக வரைபடம் வரைவதாக எழுதியிருந்தாய். கடல் முழுக்க நீலம் அடிக்கட்டும், கோடு எதுவும் வேண்டாம். கரையில் மட்டும் எங்காவது ஒரு வாசல் திறந்து வைக்கச் சொல்.

உன் வீட்டுக்காரன்