ஏழாவது பாடத்தில் கை வைத்தோம்

குட்டிம்மா,

உன் லேப்டாப் பையை இன்றைக்குத் திறந்தேன். நீ போய் ஒரு வருஷமாகியும் இஞ்சி டொபி வாசம் போகவில்லை. பதுளையிலிருந்து மேலே வரும் பஸ்ஸில் தலை சுற்றாமலிருக்க வாயில் போட்டுக்கொண்டு வருவாயே, அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஹோலில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு நீ நடத்தின வகுப்பு நிற்கவில்லை. உன்னிடம் படித்த மேர்சிதான் நடத்துகிறாள். பிளேன்டீ கொண்டுபோவது இப்போதும் நான்தான். நீ நடத்தும்போது ஒருநாள் உன்னிடம் கேட்டேனே, "கம்ப்யூட்டர்ல இந்தக் கிட்டுன்னு ஒன்னு சொல்லிக் குடுக்குறியே, அது என்னதான்டி செய்யும்?" என்று.

"எழுதினத யாரு மாத்தினா, எப்ப, எதுக்கு, எல்லாத்தையும் சேர்த்து வைக்கும்மா. பழசும் அழியாது."

"அப்ப நம்ம லயத்து வீட்டுப் பொம்பளைங்க மாதிரின்னு சொல்லு."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் நீயும் பாடத்தை விட்டுவிட்டாய்.

போன வாரம் புதுப் பிள்ளைகள் ஏழாவது பாடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கிட்டுக்குள்ளேயே நீ எழுதிவைத்த பாடம். அதில் ஒரு வரி பிழையாம், அப்படியே அடித்தால் வேலை செய்யாதாம். மேர்சி அதைத் திருத்தாமல், "அந்த வரிய விட்டுட்டு நான் சொல்றத அடிங்க" என்று வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன்டி என்றேன்.

"டீச்சர் கடைசியா எழுதினதும்மா. அதுல எப்படிக் கை வைக்கிறது?"

எனக்கும் மனசில்லைதான். ஆனால் இப்படியே விட்டால் பிள்ளைகள் உன் பாடத்தையே ஒதுக்கிவிடுவார்கள்.

"பிழைன்னா திருத்து. பழசு அழியாதுன்னுதானே அவ சொல்லிக் குடுத்தா? அத நீயே நம்பலன்னா இதுங்களுக்கு என்னத்தடி சொல்லிக் குடுக்குற?"

மாற்றினால் காரணம் ஒரு வரி எழுத வேண்டுமாம். "அம்மா சொன்னாங்கன்னு போடவா?" என்றாள்.

"நானா டீச்சர்? பிள்ளைங்க தடுமாறுது, அதான் திருத்தினேன்னு போடு."

போட்டாள். பிறகு உன் பழைய வரியை எடுத்துக் காட்டினாள். எடுத்துவிட்ட வரி சிவப்பாகத் தெரியுமாம். கூடவே உன் பெயர், நாள், நேரம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் அந்த நாள் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மத்தியானம், "வலி இல்லம்மா, தூங்கப்போறேன், நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டு எழுதியிருக்கிறாய்.

பிள்ளைகள் இனி அந்த இடத்தில் தடுமாற மாட்டார்கள். அது எனக்கு நிச்சயம். அன்றைக்கு உனக்கு நிஜமாகவே வலி இல்லையா, குட்டிம்மா?