ஏழாவது குப்பி

வடக்குத்து,
26-11-1983, சனிக்கிழமை.

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது, அதனால் கேட்கவில்லை. இது ஏழாவது கடிதம். கடைசிக் கடிதமும் இதுதான், ஏனென்றால் இனிக் குப்பி இல்லை. நாளை கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை இல்லாத நாள். வழக்கமான முந்திரிக் கொல்லையின் மூலையில் ஆறு முழம் தோண்டி, மற்ற ஆறோடு இதையும் வைத்துவிடுவேன். அங்கிருந்து உன் கைக்கு வந்து சேர ஆயிரத்து நூறு வருஷம் ஆகும். இங்கே பண்ருட்டியிலிருந்து கடிதம் வர நாலு நாள் ஆகிறது என்று புலம்புகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

மழை பெய்துகொண்டிருக்கிறது. இந்தக் காலத்துக்கு வந்த புதிதில் முதல் மழையில் நனைந்தபோது, இதைப் பற்றி உனக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். நம் காலத்தில் பிறந்தவர்களுக்கு உள்ளே எதுவோ நின்றுபோயிருக்கிறது என்று வைத்தியர் சொன்னாரே, அது இங்கே வந்தும் ஓடத் தொடங்கவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் வேலைக்குப் போகிறேன். அக்கம்பக்கத்தில் என்னை அமைதியான மனுஷன் என்கிறார்கள்.

உன் பெயரை இங்கேயும் வைக்கிறார்கள். டவுன்ஷிப்பில் பதினெட்டாவது பிளாக்கில் ஓர் அம்சவல்லி இருக்கிறாள். அவளுக்கு நாலு வயது. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அந்த விஷயத்தில் உன்னைப் போலத்தான்.

வேலை அதே மண்மேட்டில். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேலே கிடக்கும் மண்ணை இயந்திரம் வெட்டி ஒரு பக்கமாகக் குவிக்கிறது. மேலே இருந்தது அடியில் போய்விடுகிறது, ஆழத்தில் கிடந்தது மேலே வந்துவிடுகிறது. அந்த மேட்டில் மரக்கன்று நடும் ஆட்களில் நானும் ஒருவன். இங்கேயும் துரைராஜ் என்றே பெயர் கொடுத்திருக்கிறேன். ஏறி நின்று பார்த்தால் நம் வாசல் போலவே இருக்கும். வெளுத்த களி, மணல், ஒரு புல் கிடையாது. மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது. எங்கள் மேஸ்திரி சிங்காரவேலு ஒருநாள், நூறு வருஷத்துல இது காடாயிடும்யா, நீ நானெல்லாம் இருந்தா பாக்கப் போறோம் என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த குழியைத் தோண்டினேன்.

இனியும் தள்ளிப்போட முடியாது. சொல்லிவிடுகிறேன். இதுவரை அனுப்பிய ஆறு குப்பி மண்ணும் செத்த மண். சாகடித்தவன் நான்.

என்னை எதற்கு அனுப்பினீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. நம்மிடம் விதை இருக்கிறது, தண்ணீரைச் செய்துகொள்கிறோம், உயிருள்ள மண் மட்டும் பூமி முழுக்கத் தேடினாலும் ஒரு பிடி இல்லை. ஒரு பிடி கிடைத்தால் போதும், பெருக்கிவிடுவேன் என்றாய். இங்கே பாலில் ஒரு கரண்டி மோரை ஊற்றிக் குண்டான் நிறையத் தயிர் ஆக்குவதைப் பார்த்தபோதுதான் நீ சொன்னது எனக்குச் சரியாக விளங்கியது. இருக்கப்போகிற எதையும் தொடக்கூடாது, எப்படியும் இல்லாமல் போகிற நிலத்திலிருந்துதான் எடுக்கலாம் என்பது விதி. அதனால்தான் சுரங்கம் அடுத்து வெட்டப்போகிற இடமாகப் பார்த்து அனுப்பினீர்கள். திரும்பி வர வழி கிடையாது என்பதும் தெரிந்துதான் வந்தேன். குப்பியை மூடினால் உள்ளே காலம் நின்றுவிடும், எப்படி வைத்தேனோ அப்படியே உன்னிடம் வரும். நான் எப்படி வைத்தேன் என்பதில்தான் கோளாறு.

நம் வீட்டில் செருப்பைக்கூடக் கிருமி சாகச் சூட்டுப்பெட்டியில் வைத்த பிறகுதான் உள்ளே எடுப்போம். பேசக் கற்பதற்கு முன்பே அதைக் கற்றுக்கொள்கிறோம். அந்தக் கை அதைத்தான் செய்தது. மண்ணைச் சலித்தேன். புழுவையும் வேரையும் எறும்பு முட்டையையும் பொறுக்கி எறிந்தேன். பிறகு இரும்புச் சட்டியில் கொட்டி, வாடை போகும்வரை வறுத்து, ஆறவைத்து அடைத்தேன். வருஷத்துக்கு ஒரு குப்பி. எவ்வளவு சுத்தமாக அனுப்புகிறேன் பார் என்று ஒவ்வொரு கடிதத்திலும் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர் கஸ்தூரியம்மாள். எங்கள் கூட்டத்தில் நடவு வேலை செய்கிறவர், என் வயதுதான் இருக்கும். அவருடைய இரண்டு காணி நிலமும் சுரங்கத்துக்குப் போகிறது. போன மாதம் கொல்லையில் கடைசியாகப் பிடுங்கிய மல்லாட்டையில் எனக்கும் ஒரு முறம் கொண்டுவந்தார். வேர்க்கடலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் அடுப்பில் ஏழாவது குப்பிக்கான மண்ணை வறுத்துக்கொண்டிருந்தேன். கடலையைச் சூட்டு மணலில் போட்டு வறுப்பது இவர்கள் வழக்கம். அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, இன்னாங்க, வெறும் மண்ண கிளறிகினு இருக்கீங்க, மல்லாட்ட எங்க என்று தேடினார்.

என் மனைவி ஊரில் நல்ல மண் இல்லை, அவளுக்கு அனுப்பத்தான் வறுக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உசுரோட இருக்கறத வறுத்துட்டா அது எப்பிடிங்க பயிர் தாங்கும் என்று கேட்டார். அடுப்பை அணைத்தேன். ஆறு வருஷம் போயிற்று என்று புரிந்தது. புரிந்தபோதும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, அம்சவல்லி. சட்டியை இறக்கி வைத்தேன். 

பிறகு கஸ்தூரியம்மாள் ஒரு சங்கதி சொன்னார். மேட்டில் மற்றவர்கள் நட்ட கன்றுகள் பாதிக்கு மேல் பட்டுப்போகும், இவர் நட்டது மட்டும் பிழைத்துக்கொள்ளும். கஸ்தூரிக்குக் கைராசி என்று சிங்காரவேலு சொல்வார். கைராசியும் இல்லை ஒன்றும் இல்லை. தினமும் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் தன் கொல்லை மண்ணைக் கொண்டுவந்து, குழிக்கு ஒரு பிடி போட்டு நட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நீ ஆயிரம் வருஷம் தாண்டி என்னை எதற்கு அனுப்பினாயோ, அதை அவர் ஒரு தூக்குச் சட்டியில் செய்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கூப்பிட்டார். எங்க கொல்லயில அள்ளிக்குங்க, நாளைக்கி மெஷினு வந்துடும் என்றார். வேலை முடிந்து நேராகப் போனோம். கொல்லையில் இருந்த பலாமரத்தடியில், ஈரம் காயாத இடமாகப் பார்த்து அவரே தோண்டினார். செம்மண். நான் புழுவை எடுக்கக் கை நீட்டினேன், பழக்கம் விடுமா. அவர் என் கையைத் தட்டிவிட்டார். வேர், சாணி, வெள்ளை வெள்ளையாக நூல் போலப் படர்ந்திருந்த பூஞ்சை, இரண்டு மண்புழு, எல்லாவற்றோடும் குப்பியில் அள்ளி வைத்தார். தண்ணீர் தெளித்தார். மேலே நாலு மல்லாட்டையும் போட்டார். உங்க வூட்டுக்காரம்மாவ ஒரு காயிதம் போடச் சொல்லுங்க, மொளைச்சுதா இல்லயான்னு, லேட்டானாலும் பரவால்லீங்க என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

நேற்று இயந்திரம் வந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும். பலாமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு அந்த இடத்தில் எதுவும் இல்லை. கஸ்தூரியம்மாள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். இன்னும் பன்னண்டு குழி இருக்குது என்று சொல்லிக் குனிந்துகொண்டார். அன்று அவர் தூக்கில் இருந்ததுதான் கடைசி மண். பன்னிரண்டு குழிக்கும் பங்கு போட்டார். அவர் பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்த நான், யாரும் சொல்லாமலே, சிந்திய மண்ணைக் கூட்டி அள்ளிக் கொடுத்தேன்.  

அப்போதுதான் அவர் நகத்தைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் சிவப்பு. சோப்புப் போட்டாலும் போகாது என்பார்கள். என் நகமும் வியாழக்கிழமையிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சிவப்பை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அம்சவல்லி. நான் புறப்பட்ட அன்று காலையில், உன் கையில்.

வெளியே போய்வந்தால் முழங்கைவரை சுடுநீரில் கழுவாமல் உள்ளே வராதவள் நீ. நம் ஊர் மண் வெளுத்த சாம்பல் நிறம். அது கையில் ஒட்டாது. காயமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிக் கையை மடக்கிக்கொண்டாய். நான் கிளம்பிய பிறகுதான் குப்பி புதைந்த இடத்தைத் தோண்ட வேண்டும் என்று விதி எழுதியதே நீதான். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் போகிறவன் போகமாட்டான், எல்லாம் இருக்கிறது என்று தெரிந்தால் போனவன் உழைக்கமாட்டான் என்று கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் விளக்கினாய். நீயே பொறுக்கமுடியாமல், நான் புறப்படும் முன்பே தோண்டி இந்தக் குப்பியைத் திறந்திருக்கிறாய்.

நேற்று முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். தெரிந்தும் ஆறு வருஷம் வறுக்கவிட்டாளே என்று. கோபம் வந்தது எனக்கே புதிதாக இருந்தது. இன்று இல்லை.

அப்படியென்றால் நீ இதைப் படிக்கும்போது நான் இன்னும் புறப்படவில்லை. பக்கத்து அறையில் இந்த ஊர்ப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன். இன்னாங்க, வூடு, காயிதம் என்று நான் உளறுவது உனக்குக் கேட்கும். எழுந்து வந்து, மண்ணை வறுக்காதே என்று சொல்லத் தோன்றும். சொல்லாதே. சொன்னால் கஸ்தூரியம்மாள் என் சட்டிக்குள் மல்லாட்டையைத் தேடமாட்டார். போகாதே என்று சொல்லத் தோன்றினால் அதையும் சொல்லாதே. நீ சொன்னால் நான் நின்றுவிடுவேன். அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நீயும் அந்த மண்ணும் நன்றாக இருக்கவேண்டும். நாலில் ஒன்றாவது முளைக்கட்டும்.

காலையில் மட்டும் கையைக் கழுவிவிடாதே. நான் காயமா என்று கேட்பேன், ஒன்றுமில்லை என்று சொல். அப்போது எனக்கு விளங்காது. இங்கே வந்து விளங்கும்.

உன்,
துரைராஜ்