சிதம்பரம் சபையில் வாசித்த காணிக்கை உறை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

என் அன்பு மகன் ராபர்ட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பா சுகமாக இருக்கிறார், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன், எனக்குத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

பிப்ரவரியில் சேத்தியாத்தோப்பு ரோட்டில் நீ ஒரு சைக்கிள்காரரை பைக்கில் இடித்துவிட்டு நிற்காமல் வந்தது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதே, பிளேன் ஏறிப் போய்விடு என்று அனுப்பியவளும் நான்தான். அதற்கப்புறம் நம்ம சபையில் திருவிருந்துக்கு முழங்கால் போட எனக்குத் தைரியம் வரவில்லை. முகம் தெரியாத இடமாக இருக்கட்டும் என்று சிதம்பரத்துச் சபைக்குப் பஸ் ஏற ஆரம்பித்தேன். ஊரே நடராஜரப் பாக்கப் போவுது, இவ ஒருத்திதான் சிதம்பரத்துக்கு ஏசுவப் பாக்கப் போறா என்று அப்பா கிண்டல் செய்கிறார், அவருக்குக் காரணம் தெரியாது. போன ஞாயிறு அங்கே நன்றி சொல்லி ஸ்தோத்திர காணிக்கையை உறையில் வைத்துப் போட்டேன். எதையும் தேதி போட்டு எழுதிப் பழகிய கை, பிப்ரவரி ஒன்பது, சேத்தியாத்தோப்பு ரோடு, விபத்தில் மகனுக்கு ஒன்றும் ஆகாமல் காத்ததற்காக என்று உறைமேல் எழுதிவிட்டேன். நம்ம சபையில் பெயரை மட்டும்தான் வாசிப்பார்கள், அங்கே போதகர் அத்தனையையும் சத்தமாக வாசித்து என்னை முன்னால் கூப்பிட்டு ஜெபித்தார். ஆராதனை முடிந்ததும் மலர்க்கொடி என்று ஒருத்தி வந்து கையைப் பிடித்தாள். அக்கா, அதே நாளு அதே ரோட்டுலதான் சைக்கிள்ல போன எங்க வூட்டுக்காரரையும் எவனோ அடிச்சிப் போட்டுட்டுப் போயிட்டான், இன்னும் எழுந்து நடக்கல, உங்க புள்ளையையும் அந்தப் பாவிதான் இடிச்சானா, வண்டி நம்பரு எதனா பாத்தாரான்னு கேட்டுச் சொல்லுங்க என்றாள். கேட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் ராபர்ட்டு.

பாதாளம் வரைக்கும் தோண்டிப் போனாலும் கர்த்தருடைய கை பிடித்து இழுக்கும், கடலுக்கு அடியில் பதுங்கினாலும் கடிக்கச் சொல்லிப் பாம்பை அனுப்புவார் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னதை வரி வரியாக நானே படித்தவள், இத்தனை வருஷமும் அது இஸ்ரவேலருக்குச் சொன்னது என்றே இருந்துவிட்டேன். அவள் கை பட்டபோதுதான் அது எனக்கும் சொன்னது என்று தெரிந்தது. நீ கடல் தாண்டி இருப்பதே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

வருகிற ஞாயிறு அவளிடம் சொல்லப் போகிறேன், உன் பெயரையும், உன்னை அனுப்பியது நான் என்பதையும். கேஸ் வரலாம், அப்பா என் முகத்தில் விழிக்காமலும் போகலாம். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன், அதனால் தடுக்கப் பார்க்காதே, வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்கும் ஓடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்மேல் இரக்கமாக இருப்பாராக. மலர்க்கொடியின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பயத்தோடு ஜெபிக்கும் உன் அம்மா,
கலைமணி