ஏழாவது நிமிடத்தில் நீ நிற்கிறாய்

இன்று காலை பயிற்சிக்காக ஸ்கெட்ச் பேனா பாக்கெட்டைப் பிரித்தேனா, அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். ஊரில் எல்லோருக்கும் ஊதுவத்தி வாசனையில் செத்துப்போனவர்கள் நினைவு வரும். எனக்குப் பார், ஸ்கெட்ச் பேனாவில் வருகிறாய்.

பயிற்சி முடிந்ததும் மற்ற ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்ட கையோடு பஸ் பிடிக்க ஓடுவார்கள். நீ மட்டும் மேசை மேசையாகப் போய், திறந்து கிடக்கும் பேனாக்களுக்கு மூடி போட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதிய சார்ட்டுகளைச் சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டுவாய். “இன்னா மேடம், இத்த எடுத்துகினு போலாமா, இல்ல இதுக்கும் ஒரு ஃபாரம் கீதா?” என்று அத்தனை பேர் எதிரிலும் கேட்டு என் மானத்தை வாங்குவாய். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

ஒரே வருடத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள்தானே நாம். நீ வெள்ளானூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சராகவே இருந்துவிட்டாய். நான் கொஞ்ச காலம் வகுப்பெடுத்துவிட்டு, பரீட்சை எழுதி வள மையத்துக்கு வந்தேன். ஆசிரியர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பதும், பள்ளி பள்ளியாகப் போய்ப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பைப் பார்ப்பதும், கைபேசியில் படிவம் நிரப்புவதும் என் வேலையாகிவிட்டது. பதினோரு வருடமாகச் சாக்பீஸைத் தொட்டதில்லை. அதை யாரும் கேட்டதுமில்லை.

மாதிரி வகுப்பு ஒன்றை வீடியோ எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னபோது, யோசிக்காமல் உன் பெயரைக் கொடுத்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கேமராக்காரரோடு வந்து இறங்கிய அன்று உன் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் ஏழு பேர் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். தமிழ் பேசுவதில் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிடுவார்கள். “டீச்சர், இவன் என்னிய அட்ச்சிகினே கீறான்” என்று அவர்களில் ஒருத்தியான பிங்கி உன்னிடம் வந்து புகார் சொன்னதைக் கேட்டுக் கேமராக்காரரே சிரித்துவிட்டார். ஆனால் புத்தகத்தை விரித்தால் ஏழு பேரும் ஊமை. ஒரு எழுத்தும் ஒட்டவில்லை.

வீடியோவில் தடுமாற்றம் இருக்கக் கூடாது. எங்கள் வேலையில் இது எழுதப்படாத வழக்கம். வாசிக்கத் திணறும் பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, ஐந்தாம் வகுப்பிலிருந்து பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளைகளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார வைப்போம். அன்று அதைச் செய்தது நான். என் வாயால்தான் சொன்னேன், “நீங்க ஏழு பேரும் கொஞ்ச நேரம் வெளிய வெளையாடுங்கடா கண்ணுங்களா” என்று.

“அதுங்களும் என் கிளாஸ்தானடி” என்றாய் நீ, சன்னமாக.

“அரை மணி நேரம்தான்டி, ப்ளீஸ்” என்றேன்.

மழையைப் பற்றிய பாடம் நடத்தினாய். அடேயப்பா, எவ்வளவு அழகாக நடத்தினாய்! ஏழாவது நிமிடத்தில், “மழ வந்தா நீங்கள்லாம் எங்க ஒதுங்குவீங்க?” என்று கேட்டுவிட்டு அப்படியே நிற்கிறாய். மூன்று விநாடி. பிறகுதான் ஒரு பெண்ணைக் கைகாட்டுகிறாய். அந்த மூன்று விநாடிதான் வீடியோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் வரை நான் பயிற்சி கொடுத்த இடமெல்லாம் அங்கே நிறுத்தி, “பாருங்கள், இதுதான் காத்திருப்பு நேரம். கேள்வி கேட்டதும் பதிலுக்குப் பறக்காமல் பிள்ளைகளை யோசிக்க விடுகிறார்” என்று விளக்குவேன். ஆசிரியர்கள் குறித்துக்கொள்வார்கள்.

ஒருமுறை நீயே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாய். எல்லோரும் உன்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் தக்காளி சாதப் பொட்டலத்தோடு என்னை மாடிப்படிக்கு இழுத்துப் போனாய்.

“காத்திருப்பு நேரமா? போடி இவளே. வெளிய பிங்கி ஜன்னல் கம்பியப் புட்ச்சிகினு நின்னுது. நம்மள எப்ப உள்ள கூப்புடுவாங்கன்னு என் வாயையே பார்த்துகினு கீது. எனக்கு அடுத்த கேள்வியே மறந்துபோச்சு.”

நீயே தொடர்ந்தாய். “ஒரு நாள் வாடி. கேமரா வோணாம், ஃபாரம் வோணாம். அந்த ஏழு பேருக்கு எழுத்து எப்டி சொல்லிக் குடுக்கறதுன்னு எனக்குப் புரியல. நீ இத்தினி பேருக்கு ட்ரெய்னிங் குடுக்கற. வந்து ஒரு கிளாஸ் எட்த்துக் காட்டு, நான் பார்த்துக் கத்துக்கறேன்.”

“அடுத்த வாரம் வரேன்” என்றேன்.

அடுத்த வாரம் மீட்டிங் இருந்தது. அதற்கடுத்த வாரம் கணக்கெடுப்பு. நீ ஆறு முறை கூப்பிட்டாய், ஆறு முறையும் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. இப்போது உண்மையைச் சொல்கிறேன், கேள். மீட்டிங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குப் பயம். அந்த ஏழு பேருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கும் தெரியாது. உன் எதிரில் சாக்பீஸோடு நின்று திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்குமே என்று பயந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய், “சர்தான், வா, ரெண்டு பேரும் சேர்ந்து முழிக்கலாம்” என்றிருப்பாய். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை.

தீபாவளி லீவில் டெங்கு என்று படுத்தாய். லீவு முடிவதற்குள் போய்விட்டாய். உன் பள்ளிக்கு நான் மறுபடி வந்தது அதற்குப் பிறகுதான், இரங்கல் கூட்டத்துக்கு. உன் பீரோவில் எங்கள் பயிற்சிச் சார்ட்டுகள் சுருள் சுருளாக இருந்தன. ஒரு பக்கம் எங்கள் குழுக்கள் எழுதிய கற்றல் விளைவுகள். மறுபக்கம் உன் கையெழுத்தில் செங்கல், சித்தாள், லிஃப்ட் என்று அந்தப் பிள்ளைகள் தினமும் கேட்கும் சொற்கள், அதற்கு நேரே பெரிய பெரிய எழுத்துகள். தட்டுத் தடுமாறி நீயே ஏதோ வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறாய், தனியாக. பிங்கியைப் பற்றிக் கேட்டேன். கட்டடம் முடிந்ததும் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாம். பெயரை மட்டும் தமிழில் எழுதத் தெரியுமாம். அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகும் அந்த வீடியோவைப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். காத்திருப்பு நேரம் என்று சொல்லிக்கொண்டும்தான் இருந்தேன். எவ்வளவு கல் நெஞ்சு எனக்கு!

இன்றும் போட்டேன். ஏழாவது நிமிடத்தில் நிறுத்தி வாயைத் திறப்பதற்குள், கரையான்சாவடிப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு டீச்சர் கை தூக்கினாள். “மேடம், அந்த டீச்சர் பசங்களப் பார்க்கலியே. வெளிய எங்கயோ இல்ல பார்க்கறாங்க?”

அறை முழுக்கத் திரையைப் பார்த்தது. நீ என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

சொல்லிவிட்டேன். ஏழு பேரை வெளியே அனுப்பியதையும், அனுப்பியது நான்தான் என்பதையும், நீ ஆறு முறை கூப்பிட்டதையும் சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்தான் மறுபடி எழுந்தாள். “என் கிளாஸ்லயும் அந்த மாதிரி நாலு பேர் கீறாங்க மேடம். அவங்களுக்கு எப்படித்தான் சொல்லித் தர்றது?”

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “புதன்கிழமை உன் கிளாஸுக்கு வரேன். சேர்ந்து பார்ப்போம்.”

அவ்வளவுதான்டி. வாயிலிருந்து வர இத்தனை வருடம் ஆன வார்த்தை அவ்வளவுதான். எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, மேசை மேசையாகப் போய்ப் பேனாக்களுக்கு மூடி போட்டேன். ஒரு பக்கம் மட்டும் எழுதிய சார்ட்டுகள் ஒன்பது கிடைத்தன. சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டிப் பையில் வைத்திருக்கிறேன், புதன்கிழமைக்கு. பிங்கி இருந்தபோதுதான் நான் வரவே இல்லை.