சுண்டுவிரல் பக்கத்து எலும்பு

ஜூலை 10, வியாழன்

காலையிலேயே வெயில். ஊறப்போட்ட உளுந்து புளித்துவிட்டது.

மகள் கயலுக்குக் கைக்கட்டுப் பிரித்தார்கள். எலும்பு டாக்டர் கையை மூடச் சொன்னார். மூடினாள். நான்கு முட்டி தெரிய வேண்டிய இடத்தில் மூன்று. சுண்டுவிரல் முட்டி உள்ளே அமுங்கிவிட்டது. "வளர்ற எலும்பும்மா. முனையிலதான் குருத்து. அங்கதான் அடி பட்டிருக்குது. பார்க்கலாம்." பார்க்கலாம் என்றால் என்னவென்று விலங்கியல் படித்தவளுக்குத் தெரியாதா.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு க. கேட்டாள்: "நான் பயந்ததாலதான் உடைஞ்சிதாம்மா?"

போன மாதம் ஆண்டு விழா மேடையில் ஓட்டைக் குத்தி இவள் கை ஒடிந்தபோது மைக்கில் அப்படித்தான் சொன்னார் குணா மாஸ்டர். (இனி கு.மா. முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.) "புள்ள பயந்துட்டா, அதான் கை போயிடிச்சி. மனசு உறுதியா இருந்தா ஓடு தானா உடையும்." பன்னிரண்டு வயதுப் பெண், கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது. அவருடைய கராத்தே வகுப்பில் பெண்கள் பிரிவுக்கு நான்தான் பயிற்சியாளர். அன்று பதில் சொல்ல நேரமில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதில் இன்னும் பாக்கி.

ஜூலை 11, வெள்ளி

வேறு ஊர்களில் பலகையோ மண் ஓடோ உடைப்பார்கள். இங்கே செராமிக் கம்பெனிகள் கழித்துப்போடும் ஓடு. சும்மா கிடைக்கிறது, உடைத்தால் சத்தமும் நன்றாக வரும். பிள்ளைகளுக்கு அதுதான்.

இன்று வகுப்பு நடக்கும் ஷெட்டைப் பெருக்கும்போது மூலையில் சாக்குக்கு அடியில் இன்னொரு அடுக்கு. கு.மா. மேடையில் உடைப்பது. தட்டிப் பார்த்தேன். பொத்தென்று சத்தம். அரைகுறையாகச் சுட்டது, பிஸ்கட் மாதிரி. பிள்ளைகளுடையதைத் தட்டினேன். மணி மாதிரி. முழுக்கச் சுட்ட கெட்டி ஓடு.

சாக்கை இருந்தபடியே மூடி வைத்தேன்.

ஜூலை 12, சனி

கேஸ் புக் பண்ண வேண்டும். க.-வுக்குத் தடித்த பேனா. (இடது கையால் எழுதிப் பழகுகிறாள்.)

பெண்கள் பிரிவு. எல்லோர் புறங்கையிலும் பேனாவால் எலும்பு வரைந்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் மணிக்கட்டுக்கு நேராக, முன்கை எலும்போடு ஒரே கோட்டில். அடியின் பாரம் அந்த வழியில் தோளுக்குப் போய்விடும். சுண்டுவிரல் பக்க எலும்பு மெல்லிசு, ஆட்டமும் அதிகம். பாரம் விழுந்தால் வளையும், பிறகு ஒடியும்.

தையல் கடை ரேவதி: "இதோட வூட்டுக்குப் போனா மாமியா பேயின்னு ஓடிடும்க்கா."

"அப்ப அழிக்காத."

சிரிப்பு. பிறகு மணல் மூட்டையைக் குத்தினார்கள். பல மாதமாக மணிக்கட்டு வலி என்றவள் வலிக்கவில்லை என்றாள். ஒரு பேனா போதும். கு.மா. பிள்ளைகளுக்குக் கையைப் பக்கவாட்டில் வீசத்தான் சொல்லிக்கொடுக்கிறார். தானும் அப்படியே. அடி சுண்டுவிரல் பக்கம்தான் போய் விழும். அரைகுறை ஓட்டில் அது யாருக்கும் தெரியாது.

அவரை எங்கே அடித்தால் விழுவார் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். முழங்கால் பக்கவாட்டு. காதுக்குக் கீழே. விலா முடியும் இடம். எல்லாம் தெரியும். எதுவும் தேவைப்படாது.

ஜூலை 13, ஞாயிறு

பெல்ட் தேர்வு. மண்டபம் நிறையப் பெற்றோர். மங்கலம்பேட்டையிலிருந்துகூட வந்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக, முன்னால் கம்பெனி ஓடு.

மைக்கை வாங்கினேன். "புள்ளைங்க உடைக்கிறதுக்கு முன்னாடி மாஸ்டர் ஒண்ணு உடைச்சிக் காட்டுவாங்க. இதே அடுக்குல இருந்து."

கைதட்டல். கு.மா. என்னைப் பார்த்தார். ஓட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்த மணிச் சத்தம் இருவருக்கும் கேட்டது.

"இன்னிக்கி புள்ளைங்க நாளும்மா," என்றார், குரலைத் தாழ்த்தி.

"பயமா மாஸ்டர்?" மைக் என் வாயருகேதான் இருந்தது.

அவர் கை பின்னால் போனது. தோள் வெளியே திரும்பியது. சுண்டுவிரல் பக்கம்தான் விழப்போகிறது. 'நேரா குத்துங்க, முன் ரெண்டு முட்டி.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். எந்த மாணவிக்கும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஓடு அப்படியே இருந்தது. அவர் கையை இடுப்பு பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டார். முகம் சாம்பல்.

"மாஸ்டராலயே முடியல, எம்புள்ள எதுக்கு அடிக்கணும்?" முன்வரிசையில் ஓர் அம்மா. மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே மற்றவர்களும்.

ஓட்டைப் பிள்ளைகளிடமிருந்து நானே வாங்கி அடுக்கினேன். இரவு மூன்று தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

தூறல். கொடியில் துணி நனைந்தது.

கு.மா. மனைவி செல்வி வந்தார். அவர் கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறதாம், ஒன்றரை மாதம் ஆகுமாம். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை.

"பக்கத்துலதான நின்னீங்க. உங்களுக்குத் தெரியாத எலும்பா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.

அவர் எழுந்து போனார். செருப்பு மாட்ட வெகு நேரம் ஆயிற்று. பாவம், அவர் என்ன செய்தார். ஆனாலும் கூப்பிடவில்லை.

உள்ளே க. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "எந்த எலும்பும்மா?"

காட்டினேன். அவள் கையிலேயே.

"அவரு பயந்தாரா?"

"இல்ல. தப்பா அடிச்சாரு. தப்பாச் சொல்லியும் குடுத்தாரு."

சற்று நேரம் தன் கையையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். கட்டுப் பிரித்த பின் முதல் சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.