விடையை உருப்போட்ட ரிசீவர்

மார்ச் 3
ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். ஒரே கண்ணாடி இழைக்குள் இதுவரை யாரும் அனுப்பாத அளவு தகவல் போய்ச் சேர்ந்ததாம், சீனியரின் சாதனை. இழைக்குள் ஒளியைக் கூட்டக் கூட்ட அது தன்னையே கெடுத்துக்கொள்ளும். எங்கள் துறை முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் அதுதான். மறுமுனை ரிசீவரில் சீனியர் வைத்திருக்கும் நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் நிரல், அந்தக் கெடுதலைத் திருத்திவிடுகிறது.
பேராசிரியர் என்னிடம், "அடுத்த பத்து வருஷத்துக்கான ஆய்வுத் திசை அறிக்கையை நாமதான் எழுதறோம். முதல் அத்தியாயம் இது. உன் பிஎச்.டி.யும் இதுமேலதாம்மா" என்றார்.
எல்லாரும் கை தட்டினார்கள். நானும்.

மார்ச் 9
அதே சோதனையை இன்னும் நீளமான இழையில் செய்தேன். பிழை ஏற வேண்டும். ஏறவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் ஏன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்?

மார்ச் 10
தெரிந்துவிட்டது.
சோதனையில் அனுப்புவது நிஜத் தகவல் இல்லை. தாறுமாறாகத் தோன்றும், ஆனால் ஒரு விதிப்படி வரும் பூஜ்யங்களும் ஒன்றுகளும். நெட்வொர்க்கைப் பழக்கியது அந்த வரிசையில். பரீட்சை வைத்ததும் அதிலேயே. அது இழையைப் புரிந்துகொள்ளவில்லை, விடையை உருப்போட்டிருக்கிறது. விதியே இல்லாத வரிசையைக் கொடுத்துப் பார்த்தேன். சாதனை புஸ்ஸென்று போனது.

மார்ச் 12
சீனியரிடம் காட்டினேன். முகம் வெளுத்தது. பிறகு சிரித்தார். "காபி குடுத்தாக்கூட ஆதாரம் கேக்கற ஆளாச்சே நீ!"
"அண்ணா, தப்பு அண்ணா இது."
"தெரியுது. அடுத்த மாசம் எனக்கு இன்டர்வியூ. ரிப்போர்ட் வந்துரட்டும், கொஞ்சம் பொறுத்துக்க."

மார்ச் 17
பேராசிரியர் நான் காட்டிய பிழை வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். புரிந்துகொண்டார். அதுதான் கொடுமை. புரியாதவரிடம் மல்லுக்கு நிற்கலாம்.
"தப்புன்னு ஏம்மா சொல்ற? இன்னும் ஆராயணும்னு சொல்லேன்."
அம்மா போனில்: "அவ்ளோ பெரியவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்! வாய வச்சுக்கிட்டு சும்மா இருடி."
அவங்களுக்கும் தெரியும்மா. அதச் சொன்னா நீ நம்பவா போற?

ஏப்ரல் 2
அத்தியாயத்திலிருந்து என் பெயரை நீக்கும்படி எழுதினேன். ஏன் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் நீக்கிவிட்டார்கள். இவ்வளவு லேசான பெயரா என்னுடையது?

ஏப்ரல் 15
வழிகாட்டியை மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தேன். "அவசரப்படறே" என்றபடி பேராசிரியர் கையெழுத்திட்டார். பேனா தயங்கவில்லை.

மே 20
அறிக்கை வந்துவிட்டது. சாதனை முதல் பக்கத்தில். கடைசிப் பக்கத்தில், 'எதிர்கால ஆய்வுத் திசைகள்' என்பதன் கீழ்: 'பழக்கும் தரவின் அமைப்பு முடிவைப் பாதிக்கிறதா என்பது ஆராயத்தக்கது.'
நான் கண்டுபிடித்து முடித்ததை இனிமேல்தான் கண்டுபிடிக்கப் போகிறார்கள். அதற்கொரு குழு. தலைவர் — சீனியர்.
சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

ஜூன் 11
புது வழிகாட்டியின் ஆய்வகம். கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத அறை. வளைந்த இழையில் ஒளி எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் வேலை. எந்த அறிக்கையும் இந்தத் திசையைச் சொல்லவில்லை.
சீனியர் போனில் கூப்பிட்டார். விதியில்லாத வரிசையை எப்படி உண்டாக்கினேன் என்று தெரிய வேண்டுமாம். வைத்துவிட நினைத்தேன். பிறகு, இந்தத் தடவையாவது ஒழுங்காகச் செய்யட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "தேங்க்ஸ்மா, அடிக்குறிப்புல போட்டுடறேன்."
மதியம் என் முதல் அளவை எடுத்தேன். மோசம். இழையின் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், அதே மோசம்.
அப்படியே பதிந்தேன்.