மடுல்கெல்ல மிசின்

12, செவ்வாய்
பின்னேரம் 4.35க்கு போன். மழை. கொழும்பு பஸ்ஸில குண்டு. மனுசி சு.வின்ர அடையாள அட்டையைப் பாத்து ஆஸ்பத்திரியில இருந்து எடுத்தவை. சிங்களத்தில சொன்னவை. விளங்கினது. எண்டாலும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டன்.

14, வியாழன்
மகியாவைச் சுடலையில எல்லாம் முடிஞ்சுது. பெட்டி திறக்க விடேல்ல.
சாப்பாடு பக்கத்து வீட்டு பலீல் நானா வீட்டால. குசினியில பிளேட் மலை மாதிரி. சித்தி ஒராள் பீங்கான் கழுவுற மிசினைத் திறக்கப் போனா. கத்திப்போட்டன்.
உள்ளுக்க செவ்வாய்க் காலமைச் சாமான். சு. அடுக்கினது. ரெண்டு பிளேட், புட்டுக் கரண்டி, அவளின்ர தேத்தண்ணிக் கப். விளிம்பில லிப்ஸ்டிக். நேரம் வைக்கிற ரைமர் பழுது, ஓடாதெண்டு தெரிஞ்சும் அடுக்கினவள். "நான் வரேக்க ஓடவேணும். இல்லாட்டி எஞ்சினியர் ஐயா கையால கழுவுவார்."
பால்மா முடிஞ்சுது.

15, வெள்ளி
நித்திரை இல்லை. ரைமர் இன்னும் மேசையில, கழட்டினபடி.
கலியாணம் முடிச்ச புதிசில, மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா ஏலத்தில எடுத்த மிசின். எங்கட ரெண்டு பேரையும்விட வயசு கூட. மாமி, சு.வின்ர அம்மா, சைவம்; தன்ர பிளேட்டை அதில வைக்க விடமாட்டா. மீன் பிளேட் கழுவின தண்ணியாம். புதுத் தண்ணிதான் எடுக்குது எண்டு சு. எத்தினை தரம் சொல்லியிருப்பாள்.
குண்டு வச்சது எங்கட ஆக்கள். எல்லாருக்கும் தெரியும். செத்தவீட்டில ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நானும்தான்.

16, சனி
வெயில். பொலிஸ் மூண்டு பேர். தமிழ் வீடெல்லாம் பாக்கினமாம். பிறந்த இடம் யாழ்ப்பாணம், தொழில் எஞ்சினியர், மேசையில ரைமர், வயர். சார்ஜன்ட் ரெண்டடி பின்னுக்குப் போனான்.
பலீல் நானா ஓடி வந்து, பீங்கான் கழுவுற மிசின்ர சாமான், மனுசி குண்டில செத்து நாலு நாள் எண்டு நல்ல சிங்களத்தில சொன்னார். சார்ஜன்ட் சிரிச்சான். இந்த வீட்டுப் பொம்பிளையளுக்குக் கையில்லையோ எண்டான். பிறகு, ஓட்டிக் காட்டு, இல்லாட்டி ஜீப்பில ஏறு.
உள்ளுக்க உள்ளதை முதல்ல எடுக்கிறன் எண்டன். திறந்து பாத்தான். "ஊத்தைப் பிளேட் இருக்குத்தானே. கழுவிக் காட்டு."
நான் அசையேல்ல. மாமிதான் வந்து பக்கத்தில நிண்டா.
"ஓட்டுங்கோ தம்பி. உங்களையும் குடுக்க என்னால ஏலாது."
ரைமரில கரண்ட் தொடுற முனை கறுத்துப்போய் இருந்தது, அவ்வளவுதான். சுரண்டிப் பூட்டினன். முழு ஓட்டமும் ஓடினது. மூண்டு பேரும் கதிரையில இருந்து பாத்தவை. ஒருத்தன் விலை கேட்டான்.
திறக்க ஆவி. கப் பளிச்செண்டு. மாமி எடுத்து விளிம்பை விரலால தடவினா.
விசயம் கேள்விப்பட்டு லண்டனிலயிருந்து மச்சான் போன் எடுத்தவர். பொலிஸ் பிரச்சினை முடிஞ்சுதோ? முடிஞ்சுது. மிசின் வேலை செய்துதோ? நல்லா வேலை செய்துது எண்டன்.
திரும்பவும் அடிக்குது. போனை ஓஃப் பண்ணிப்போட்டன்.